இஞ்சின் நானாவும் திறந்து வைத்த சுவிட்சுகளும்

கரண்ட் போனதும் என் கை தானாகச் சுவருக்குப் போய்விடும். அறை அறையாக நடந்து, எரிந்துகொண்டிருந்த ஒவ்வொரு விளக்கின் சுவிட்சையும் நிறுத்திவிட்டுத்தான் மெழுகுவர்த்தியைத் தேடுவேன். என் மருமகளுக்கு இது தீராத வேடிக்கை. போனதை மறுபடியும் நிறுத்துகிற ஒரே ஆள் இந்தக் கண்டியிலேயே நீங்கள்தான் மாமி என்பாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்வேன். சுவிட்சைத் தொட்ட விரலில் ஒரு பித்தளைக் குமிழின் குளிர்ச்சி ஒட்டியிருப்பதாகத் தோன்றும். இப்போதைய சுவிட்சுகளில் பித்தளை எங்கே இருக்கிறது? அந்தக் குளிர்ச்சி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டிக் குளத்துக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியின் சுவரைச் சேர்ந்தது. நான் அங்கே தாதியாக இருந்தேன், எல்லோருக்கும் மிஸ்ஸி. முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைக்கிற முறையில் இஞ்சின் நானா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்ட ஒரு மனிதர் அங்கே இஞ்சின் ஓட்டினார்.

அந்த ஆஸ்பத்திரியை நினைத்தால் முதலில் வருவது பனிமூட்டம்தான். காலையில் குளம் தெரியாது, எதிர்மலை தெரியாது, சில நாட்களில் நாங்கள் துணி காயப்போடும் கொடிகூடத் தெரியாது. சரிவில் படிப்படியாகக் கட்டிய கட்டடங்கள் அவை. அடியில் இஞ்சின் கொட்டகை, அதற்கு மேலே துணி வெளுக்கும் லோண்டரி, அதற்கு மேலே சமையல் நடக்கும் குசினி, பிறகு வார்ட்டுகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் சத்திரசிகிச்சை செய்கிற தியேட்டர். நகரத்துக் கரண்ட் எங்களுக்கு இருந்தது. ஆனால் பிற்பகல் இடி இடித்தால் அது போய்விடும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்துக்காகத்தான் மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சினும் டைனமோவும். கொட்டகையிலிருந்து ஒரே ஒரு தடித்த கம்பி மரக்கம்பங்களின் மேல் மலை ஏறியது. லோண்டரிக்குக் கொஞ்சம், குசினிக்குக் கொஞ்சம், வார்ட்டுகளுக்குக் கொஞ்சம் என்று கொடுத்துக்கொண்டே போய்க் கடைசியில் தியேட்டரில் முடிந்தது. அந்த ஒரே கம்பிக்குக் கொட்டகைச் சுவரில் ஒரே ஒரு பிரேக்கர். அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் அந்தக் கைப்பிடி 'டக்' என்று தானே கீழே விழுந்துவிடும். மொத்த மலையும் இருண்டுபோகும்.

நானாவுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். வெள்ளைச் சாரம், காக்கிக் கோட்டு, தலையில் தொப்பி. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு எண்ணெய்த் துணி. அடக்கம் என்பது அவருக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை. கண்டியில் தன் இஞ்சினைப் போல் இன்னொரு இஞ்சின் இல்லை என்பார். கொழும்பில் இருக்கலாம், பார்க்காததைப் பற்றிப் பேசமாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்வார். புதிதாக வேலைக்கு வருகிற யாரையும் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ச் சுவிட்சுப் பலகையைக் காட்டாமல் விடமாட்டார். நான் வந்த முதல் வாரம் எனக்கும் காட்டினார். ஒரு வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள் நடுங்கிக்கொண்டு நின்றது. மேலே எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை அந்த முள் சொல்லும் என்றார். தியேட்டர் விளக்கு மட்டும் எரிந்தால் இந்த இடம், வார்ட்டும் சேர்ந்தால் இந்த இடம் என்று விரலால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். புசல்லாவைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையின் மகளாக வளர்ந்த எனக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இதைவிடப் பெரிய இஞ்சினைப் பார்த்திருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நானா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் பல்புகள் மட்டும் எரிந்த காலத்தில் அந்தப் பிரேக்கர் விழுந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. பிறகு நிர்வாகத்துக்கு நவீனமாக வேண்டும் என்ற ஆசை வந்தது. லோண்டரிக்கு மின்சார இஸ்திரிப்பெட்டிகள், குசினிக்கு மின்சார அடுப்பு, வார்ட்டுகளுக்கு ஊசி மருந்துக் கருவிகளைக் கொதிக்கவைக்கும் தொட்டிகள், துரைமார் படுக்கும் தனியறைகளுக்குக் குளிர்காயும் கருவிகள் என்று பெட்டி பெட்டியாகக் கொழும்பிலிருந்து வந்தன. அந்த வருட மழைக்காலத்தில்தான் தொல்லை தொடங்கியது. நகரத்துக் கரண்ட் போகும். நானா இஞ்சினை இழுத்து ஓடவிடுவார். சத்தம் சீரானதும் கரண்டை மலைக்குத் திருப்புவார். விளக்குகள் ஒருமுறை கண் திறக்கும். உடனே 'டக்'. மறுபடியும் தூக்கிவிடுவார். மறுபடியும் 'டக்'. அந்தச் சத்தம் மேலே எங்களுக்குக் கேட்காது. ஆனால் கண் திறந்து மூடுகிற அந்த வெளிச்சத்தைப் பார்த்தே, கீழே நானாவின் முகம் எப்படி இருக்கும் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

ஒரு பிற்பகல் தியேட்டரில் ஒருவருக்கு வயிற்றைத் திறந்திருந்த நேரத்தில் அது நடந்தது. எங்கள் சர்ஜன் காலை முழுவதும் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர், எங்களிடம் மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவார். மழைக்காலத்தில் மத்தியானத்துக்குப் பிறகு என்றால் மலையில் பாதி இரவு. மயக்கத்துக்கு ஈதர் கொடுத்திருக்கும்போது நெருப்பு விளக்கு எதையும் கிட்டக் கொண்டுவர முடியாது, பற்றிக்கொள்ளும். நான் ஒரு டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் வெளிச்சம் பழுத்த எலுமிச்சை நிறத்துக்குப் போய், பிறகு அதுவும் மங்கியது. அவர் எப்படியோ தைத்து முடித்தார், அந்த மனிதரும் பிழைத்தார். ஆனால் கையுறையைக் கழற்றும்போது சர்ஜன் ஒரு முடிவு சொன்னார். இஞ்சின் நம்பிக்கையாக ஓடும்வரை, வானம் இருண்டிருக்கும் நாளில் பெரிய சத்திரசிகிச்சை எதையும் இங்கே தொடமாட்டேன் என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நானா பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். பிரேக்கரின் தொடுமுனைகளைக் கழற்றித் தேய்த்தார். பனி ஈரம் கம்பிக்குள் இறங்கியிருக்குமோ என்று கம்பம் கம்பமாக ஏறிப் பார்த்தார். எலி கடித்திருக்குமோ என்று கூரைக்குள் தவழ்ந்தார். டைனமோவைப் பிரித்துப் பூட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாகக் கம்பியைக் கழற்றி ஓட்டிப் பார்த்தார். எதைக் கழற்றினாலும் இஞ்சின் ஒழுங்காக ஓடியது, எல்லாவற்றையும் மாட்டினாலும் ஓடியது. வெயில் அடிக்கிற காலையில் வேண்டுமென்றே நகரத்துக் கரண்டை நிறுத்திவிட்டுச் சோதித்தபோதும் பிரேக்கர் அசையவில்லை. இஞ்சினை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார், அவருக்கும் அது ஒழுங்காகவே ஓடிக் காட்டியது. உண்மையாக இடி இடித்து உண்மையாகக் கரண்ட் போகும்போது மட்டும் விழுந்தது. புதிதாக வந்த சாமான்கள் மேல் நானாவுக்குச் சந்தேகம் இருந்தது. ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும் மழையில் நனைந்துகொண்டு படியேறி வந்து ஒவ்வொரு இடத்திலும் விசாரிப்பார். என்ன ஓடிக்கொண்டிருந்தது? லோண்டரியில் யாரும் இஸ்திரி போடவில்லை. குசினியில் அடுப்பு ஆறிப்போய்க் கிடந்தது. எங்கள் வார்ட்டு ஆயா பதுளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரி, உள்ளதை உள்ளபடி பேசுகிறவள். அவள் கேட்டதுதான் நியாயமாக இருந்தது.

"நாங்க ஒண்ணும் ஓட்டலீங்க நானா. கரண்ட்டே இல்ல, எத ஓட்டுறது?"

யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் அதில் விசேஷம்.

அந்த நாட்களில்தான் நானாவின் மனைவி எங்கள் வார்ட்டுக்கு வந்தார். எனக்கு மூத்தவர் என்பதால் நான் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவேன். கண்டி முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் அப்படிச் சொல்வார்கள். என்னைப் பார்க்க வந்த என் அப்பா, நான் ஒரு பெண்ணைத் தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு, மகளுக்கு ஆஸ்பத்திரி வேலை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிட்டார். தாத்தாவும் நானாவும் கட்டுகலைப் பக்கத்தில் ஒரு ஒழுங்கையில், குறுகிய சந்து ஒன்றில், குடியிருந்தார்கள். கல்யாணமாகிப் பல வருடங்களாகக் குழந்தை இல்லை. அந்த வருடம் தாத்தாவின் வயிறு மெல்ல எழும்பியது. ஒழுங்கையே சந்தோஷப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் புளிக்கறி ஆக்கிக் கொடுத்தார்கள். நானா கோட்டுப் பையில் கமலாப்பழம் வாங்கிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு வலி வந்தது, காய்ச்சல் வந்தது. சர்ஜன் கையை வைத்துப் பார்த்துவிட்டு அது கட்டி என்றார். சீக்கிரம் எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். தாத்தா அழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, அந்தப் பெண்களின் சட்டிகளை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று மட்டும் சொன்னார். அன்று முழுவதும் எனக்கு அந்தச் சட்டிகளின் நினைவாகவே இருந்தது.

இரண்டு முறை அவரைத் தியேட்டர் வாசல்வரை கொண்டுபோனோம். இரண்டு முறையும் எதிர்மலைக்குப் பின்னால் கருமேகம் எழுந்து, இடி இடித்து, நகரத்துக் கரண்ட் போனது. கீழே இஞ்சின் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்கும். தலைக்கு மேலே அந்தப் பெரிய விளக்கு ஒரு கணம் மலர்ந்து அணையும். மறுபடியும் மலர்ந்து மறுபடியும் அணையும். சர்ஜன் கையுறையைக் கழற்றுவார். தள்ளுவண்டியில் படுத்திருக்கிற தாத்தாவை நாங்கள் இருட்டு விறாந்தை வழியாகத் திருப்பித் தள்ளிக்கொண்டு வருவோம். வெளியே மழை, கூரையிலிருந்து விழும் நீர், எங்கோ தூரத்தில் மாளிகாவைப் புத்த கோயிலின் முரசு. உலகம் எங்களை மறந்துபோய்த் தண்ணீருக்குள் வைத்துவிட்டதுபோல இருக்கும். தன் மனைவியைத் திருப்பி அனுப்புவது தன் இஞ்சின்தான் என்பது கீழே இருந்த மனிதருக்குத் தெரியும். இரண்டாம் தடவைக்குப் பிறகு அவர் இஞ்சினைப் பற்றிப் பெருமை பேசவே இல்லை. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவருடைய பெருமையைக் கேலி செய்து பழகிய வாய்க்கு வேலையே இல்லாமல் போனது.

ஒரு பிற்பகல் நான் தாத்தாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். நானா கட்டிலிலிருந்து தள்ளி ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுவிட்டுத் தாத்தாவைக் கொழும்புக்குக் கொண்டுபோகப்போவதாகச் சொன்னார். அந்தக் காய்ச்சலோடு அவ்வளவு தூரம் ரயிலில் போவது எப்படி என்று மூவருமே யோசித்துக்கொண்டிருந்தோம். அப்போது கரண்ட் போனது. நானா எழுந்து ஓடினார். வழக்கம்போல இஞ்சின் சத்தம் வந்தது, விளக்கு கண் திறந்து மூடியது. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார். லோண்டரியிலும் குசினியிலும் கேட்டுவிட்டுத்தான் வருகிறார். ஒன்றும் ஓடவில்லையாம், எல்லாம் சும்மாதான் கிடந்ததாம். கதிரையில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். தாத்தா அவரைத் தேற்றுவதற்காகத்தான் அதைச் சொன்னார்.

"நீங்க அனுப்பினா கட்டாயம் வரும்னு தானே எல்லாத்தையும் தொறந்து வெச்சீக்கி. நான்தான் ஆயாவுக்கு சென்னேன், ஒண்டும் விடாம தொற எண்டு."

நானா தலையைத் தூக்கினார். என்னத்தைத் திறந்தாய் என்று கேட்டார். எல்லாத்தையும்தான் என்றார் தாத்தா. கொதிக்கவைக்கிற தொட்டி, பக்கத்து அறையில் துரை குளிர்காய்கிற பெட்டி, எல்லா விளக்கும்.

"பைப்புல தண்ணி நிண்டா தொறந்துதானே வெக்கிற? கீழ உள்ளவங்க எல்லாத்தையும் புடிச்சிக்கிட்டா, மேல எனக்கு எங்க வர்ற?"

நான் பின்னிய சடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தாத்தா சொன்னதில் எனக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை. எங்கள் காலத்தில் கண்டியில் யாருக்குத்தான் தெரிந்திருக்கும்? ஒழுங்கை முனையில் ஒரு பைப்பு, மலைச்சரிவில் வீடுகள். தண்ணீர் நின்றுபோனால் எல்லோரும் பைப்பைத் திறந்து, அடியில் வாளியை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். தண்ணீர் வந்தால் வாளியில் விழும் சத்தமே கூப்பிடும். மூடி வைத்தவளுக்குச் சொட்டும் கிடைக்காது, தாழ்வான வீட்டுக்காரி முழுவதையும் பிடித்துக்கொள்வாள். கரண்ட்டும் ஒரு குழாயில் மலை ஏறி வருகிற சாமான் என்றுதான் அந்த ஆஸ்பத்திரி முழுவதும் நினைத்திருந்தது. மழையில் ஈரமாகக் கிடக்கும் சத்திரசிகிச்சைத் துணிகளை உலர்த்த வேண்டுமே என்று லோண்டரியில் எல்லா இஸ்திரிப்பெட்டிகளையும் திறந்து வைத்தார்கள். நாலு மணித் தேநீர் பிந்தக் கூடாதே என்று குசினியில் அடுப்பைத் திறந்து வைத்தார்கள். வார்ட்டில் ஆயாவும் அப்படியே. சாதாரண நாளில் ஒன்று ஓடும்போது மற்றது ஓடாது. நானா சோதித்த நாட்களில் முன்பே சொல்லிவைத்திருந்ததால் யாரும் எதையும் திறந்து வைக்கவில்லை. ஆனால் கரண்ட் போன அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும், மலையில் இருந்த அத்தனை கருவிகளும் வாளி வைத்துக் காத்திருந்தன. நானா கரண்டைத் திருப்பியதும் எல்லாம் சேர்ந்து ஒரே மடக்கில் குடித்தன. பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? அவர் கேட்டதெல்லாம் என்ன ஓடியது என்று. ஒன்றும் ஓடவில்லை என்பதுதான் உண்மை.

நானாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். என் கரண்டை நீயே குடிச்சியா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். தாத்தாவுக்கு எதுவும் புரியவில்லை என்றாலும் நானா சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்பதால் தானும் சிரித்தார். வயிறு வலித்திருக்கும், கையால் அழுத்திக்கொண்டு சிரித்தார்.

கண்டுபிடித்தது பாதி வேலைதான். கரண்ட் போனதும் எல்லாவற்றையும் மூடுங்கள், நான் சொல்லும்போது ஒவ்வொருவராகத் திறங்கள் என்று நானா இடம் இடமாகப் போய்ச் சொன்னார். ஒருவருக்கும் மனம் ஒப்பவில்லை. மூடியவனுக்குக் கிடைக்காது என்ற பயம் தண்ணீர்ப் பைப்படியில் கற்றது, ஒருநாளில் போகுமா? குசினிப் பொறுப்பில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் நானாவை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"ஓம், விளங்குது. ஆனா தேத்தண்ணி பிந்தினா என்னைத்தானே ஏசுவினம்?"

கடைசியாக நானா கொட்டகை வாசலில் ஒரு ரயில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டார். ஒரு அடி அடித்தால் தியேட்டர். இரண்டு என்றால் வார்ட்டுகள். மூன்று குசினி. நான்கு லோண்டரி. லோண்டரிக்காரர்கள் தாங்கள் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு கடைசியாக வாங்குவதா என்று முறைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அடுத்த இடிக்கு எல்லோரும் வேண்டாவெறுப்பாக மூடினார்கள். தண்டவாளம் ஒலித்தது. ஒவ்வொரு இடமாக மலை வெளிச்சமானது. பிரேக்கர் விழவில்லை. சர்ஜனைக் கொட்டகைக்கே கூட்டிப்போய், வேலை முடிந்த விளக்கை யாராக இருந்தாலும் நிறுத்த வேண்டும் என்று நானா அவருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டுத் தாத்தாவுக்கு நாள் குறித்தார்.

நானா, தாத்தா இருவருடைய பிற்காலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் என் மனம் அந்தப் பிற்பகலோடு நின்றுபோகும். நகரத்துக் கரண்ட் பின்னாளில் ஒழுங்கானது. இஞ்சினுக்கு வேலை குறைந்ததும் நானா ஒரு சைக்கிள் கடை வைத்தார், கண்டியில் தன் கடையைப் போல் இன்னொன்று இல்லை என்றார். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. என் கல்யாணத்துக்கு இருவரும் வந்தார்கள். தாத்தா கோயிலுக்கு வெளியே மரத்தடியில் நின்று, நான் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானா போன பிறகும் தாத்தா பல வருடம் இருந்தார். அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பேச்சு கடைசியில் சத்திரசிகிச்சை நடந்த அந்த நாளில் வந்து நிற்கும். மயக்கத்தில் இருந்ததால் அவருக்கு மட்டும்தான் அந்த நாள் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார்.

அன்று வானம் காலையிலிருந்தே கலங்கலாக இருந்தது. தாத்தாவுக்கு ஈதர் கொடுத்து, சர்ஜன் வேலையைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இடி இடித்தது. விளக்கு போனது. சர்ஜன் கையை அசைக்காமல் அப்படியே நின்றார். நான் சுவரில் பித்தளைக் குமிழை மூடி வைத்தேன். ஈதரின் இனிப்பு மணம், கண்ணாடியில் மழை, தாத்தாவின் மூச்சு. கீழே இஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. தண்டவாளம் ஒருமுறை ஒலித்தது. நான் பித்தளைக் குமிழைத் தள்ளினேன். விளக்கு வந்தது. வந்து, நிலைத்தது. சர்ஜன் ஒரு பெருமூச்சோடு குனிந்தார். இரண்டு அடி கேட்டது. மூன்று கேட்டது. நான்கு கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் என் கண் விளக்குக்குப் போய்த் திரும்பியது. அது ஒருமுறைகூட மங்கவில்லை.

ஏன் மங்கவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு அடி கேட்டதும் எங்கள் ஆயா சுவிட்சில் கை வைத்தாளாம். பிறகு கையை எடுத்துவிட்டாளாம். படுத்திருந்தவர்களும் வேண்டாம் என்றார்களாம். விழுந்துவிட்டால் என்ன செய்வது, நானாவின் பெண்சாதி மேலே கிடக்கிறாளே. குசினிப் பெரியவர் மூன்று அடி கேட்டு அடுப்பைத் தொடவில்லை, விறகைக் கூட்டித் தண்ணீர் வைத்தார். லோண்டரியில் ஈரத்துணிகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தனியறைத் துரை மணியடித்துக் கேட்டதற்கு ஆயா தன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அவரும் போர்வையை இழுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். எனக்கு முதலில் கரண்ட் வேண்டும் என்று முட்டிக்கொண்ட அத்தனை பேரும் அன்று இருட்டில் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொண்டதல்ல அது. அந்த மழைக்குள் மொத்த மலையிலும் ஒரே ஒரு ஜன்னல்தான் எரிந்தது. அதற்கு அடியில் தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார்.

இது கீழே இருந்த மனிதருக்குத் தெரியாது. அவர் இரண்டு அடித்தார், முள் ஏறவில்லை. மூன்று அடித்தார், நான்கு அடித்தார், முள் நின்ற இடத்திலேயே நின்றது. மழையில் கேட்கவில்லையோ என்று மறுபடியும் அடித்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். முள் நின்ற இடம் அவருக்கு நன்றாகத் தெரிந்த இடம், தியேட்டர் விளக்கு மட்டும் எரிகிற இடம். இஞ்சினை விட்டுவிட்டு மேலே ஓடி வர முடியாது. ஆகவே முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அங்கே நிற்கும்வரை மேலே வேலை நடக்கிறது, தாத்தா இருக்கிறார். இதற்கு மேல் அவர் எதையும் யோசிக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கும் தெரியாது. பிறகு அந்த முள் மெல்ல, எந்த அவசரமும் இல்லாமல், கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது.

மேலே சர்ஜன் கடைசித் தையலை முடித்து, நாடியைப் பார்த்து, நன்றாக இருக்கிறாள் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் தாத்தாவை தள்ளுவண்டிக்கு மாற்றும்போது சர்ஜனே சுவருக்குப் போய்த் தன் கையால் விளக்கை நிறுத்தினார். நானாவுக்குக் கொடுத்த வாக்கை அவர் மறக்கவில்லை. என்னை ஓடிப்போய் நானாவிடம் சொல்லச் சொன்னார். நான் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் படியிறங்கினேன். இருட்டான வார்ட்டு வாசலில் ஆயாவும், குசினி வாசலில் பெரியவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே ஓடினேன்.

கொட்டகையில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொடுக்க ஒன்றும் இல்லாமல், யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நானா பலகைக்கு முதுகைக் காட்டி எண்ணெய்ப் பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். முடிஞ்சது நானா, நல்லா இருக்காங்க என்றேன். அவர் திரும்பவில்லை. கிட்டப் போய்க் காதருகில் குனிந்து இன்னொருமுறை சொன்னேன். அவர் மெல்லத் திரும்பினார். அந்த முகத்தை அவர் போய் இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னால் முழுதாக நினைக்க முடிவதில்லை.

"அப்ப ஏன் மிஸ்ஸி லைட்ட நூத்தீங்க?" என்று கேட்டார்.

டொக்டர்தான் நானா நிப்பாட்டினாரு, வேலை முடிஞ்சா நிப்பாட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க என்றேன். மற்றவர்கள் ஏன் திறக்கவில்லை என்பதையும், படிவழியில் பார்த்த முகங்களை வைத்து எனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னேன். அவர் எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் கறுப்பானது. எழுந்து மழைக்குள் போய் அந்தத் தண்டவாளத்தை அடிக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு என்ற கணக்கே இல்லை. கை ஓயும்வரை அடித்தார். மலையில் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்களோ என்னவோ, லோண்டரி, குசினி, வார்ட்டுகள், துரையின் அறை என்று ஒரே மூச்சில் எல்லா ஜன்னல்களும் எரிந்தன. மழை முழுவதும் மஞ்சளானது. எங்களுக்குப் பின்னால் பலகையில் 'டக்' என்று சத்தம் கேட்டது. எல்லாம் இருண்டது. மேலே குசினிப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

நான் பயந்து நானாவைப் பார்த்தேன். அவர் சுத்தியலைப் பிடித்தபடி இருட்டில் நனைந்துகொண்டு நின்றார்.

"விழட்டும் மிஸ்ஸி," என்றார்.